தாமதத்துக்குக் காரணம்

போலீஸ் வேலையில் நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்குத்தான், நாற்காலிக்கு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பதின்மூன்று வருஷம் வாசலில் பாரா நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அரைக்கால் நிஜாரும் முழங்கால் வரை சுற்றிய பட்டியுமாக ஸ்டேஷன் வாசலில் காவல் நிற்பதற்குத்தான் பாரா என்று பெயர். அறுபதுகளின் ஆரம்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கால்கள் என்னுடையவையாக இருந்தன. பத்து வருஷத்தில் கெண்டைக்கால் நரம்பு பச்சைப் பச்சையாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. பட்டியை அவிழ்த்தால் கயிறு கட்டி வைத்திருந்த மாதிரி சதையில் தடம் இருக்கும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கப் போவாள். ஏட்டாகிவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. ஏட்டு உட்காருவார். அவருக்கு ஒரு மேஜை இருக்கும், கால் இரண்டும் அதற்கு அடியில் இருக்கும்.

எங்கள் ஸ்டேஷன் ஜி.என்.டி. ரோட்டின் மேல், கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்தது. அப்போது திருவள்ளூர் தனி மாவட்டம் இல்லை, நாங்களெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்துப் போலீஸ். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரோட்டோரத்து வயல்களை வாங்கி ஒவ்வொன்றாக ஷெட் போட ஆரம்பித்திருந்தார்கள். போன வருஷம் நாற்று நட்டவர்கள் இந்த வருஷம் மேஸ்திரி காட்டிய இடத்தில் கடப்பாரையோடு நின்றார்கள். பழவேற்காட்டு ஏரியில் மீன்பாடு குறைந்த மாதங்களில் அங்கிருந்தும் ஆட்கள் வந்து பள்ளம் தோண்டினார்கள். ஆட்கள் கூடினால் சண்டை, திருட்டு, காயம் எல்லாம் கூடும். எல்லாமும் எங்கள் வாசலுக்குத்தான் வந்து சேரும்.

வாசலில் நான். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் உண்மையான வேலை என்று எந்த அதிகாரியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கேஸ் கூடினால் எஸ்.ஐ.க்கு மேலேயிருந்து திட்டு விழும். அவர் வாங்கியதை ரைட்டருக்குக் கொடுப்பார். ரைட்டர் என்றால் ஸ்டேஷன் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிற ஏட்டு. அவர் எனக்குக் கொடுப்பார். எனக்குக் கீழே ரோட்டில் நிற்கிற ஜனங்களைத் தவிர யாரும் இல்லை. "அய்யா இல்ல, நாளிக்கி வா" என்று தினமும் எத்தனை தடவை சொன்னேனோ கணக்கில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தோளில் கிடக்கிற துண்டையோ, கையிலிருக்கிற காகிதத்தையோ பார்த்துச் சொல்வேன். மூன்று தடவை சொன்னால் முக்கால்வாசிப் பேர் அப்புறம் வருவதில்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கால் வலியில் செய்தேன். திரும்பிப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் எதற்கும் உதவியிருக்காது.

எழுபதுகளில் மாவட்டத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். ஏட்டு பதவி உயர்வுக்கு அதுவரை சட்டப் பரீட்சையும் கவாத்தும்தான். "சட்டத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறவனெல்லாம் ஏட்டாயிடறான். ஒரு ஏழை வந்து அழுதா என்ன பண்றான்னு நான் பாக்கணும்" என்று சொல்லி மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். காகிதத்தில் அதற்குச் செய்முறைத் தேர்வு என்று பெயர். எங்களுக்குள் நாடகப் பரீட்சை என்போம்.

திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அது நடக்கும். ஒரு வகுப்பறையை ஸ்டேஷனாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். கரும்பலகைக்குப் பக்கத்தில் மேஜை நாற்காலி, எதிரில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு ஒன்று, மூலையில் பானையும் டம்ளரும். ஜன்னல் ஓரமாக மூன்று அதிகாரிகள் மார்க்குத் தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். வேறு ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஒருவர் லுங்கியோ அழுக்கு வேட்டியோ கட்டிக்கொண்டு, புகார் கொடுக்க வந்தவராக நடிப்பார். கதையை அவரே கட்டிக்கொள்ள வேண்டும். மேலேயிருந்து எழுதிக் கொடுத்தால் கசிந்துவிடும் என்று அந்த ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை, பரீட்சைக்கு வந்தவனுடைய ஸ்டேஷன் எல்லைக்குள்ளேயே சம்பவம் நடந்திருக்க வேண்டும். பரீட்சைக்காரன் அவரை உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அவர் சொன்னபடியே எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மார்க்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாயில் வந்த மரியாதையை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எருமையை ஓட்டுவது போல ஜனங்களை ஓட்டுகிறவனெல்லாம் "உட்காருங்க பெரியவரே, களைப்பா வந்திருக்கீங்க" என்று டம்ளரை நீட்டுவான். திங்கட்கிழமை மறுபடியும் எருமை ஓட்டப் போய்விடுவான். உண்மையான ஸ்டேஷனில் புகார் கொடுக்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் எஸ்.ஐ.யின் சைக்கிள் பம்பும் பழைய ரிஜிஸ்டர்களும் உட்கார்ந்திருந்தன.

என் முறை வருவதற்கு முன்னால் நானே மூன்று தடவை வாதியாக நடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக நடித்தேன். நாள் முழுக்க வாசலில் நின்று எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்! மாடு காணாமல் போனவர் எப்படி இருமுவார், அடி வாங்கின பெண் முந்தானையை எந்தக் கையால் பிடிப்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களை விரட்டினாலும் அவர்கள் பேச்சு என்னிடம் தங்கிவிட்டிருந்தது. அதோடு நானே ஒரு வித்தை கண்டுபிடித்தேன். கதையின் நடுவில், "மூணு வாட்டி வந்தேன் சாமி, வாசல்ல நிக்கிற போலீசு தொரத்திட்டாரு" என்று ஒரு வரி போடுவேன். அதை எழுதாமல் நைசாக விட்டுவிடுகிற பரீட்சைக்காரனுக்கு மார்க்கு குறையும். அதிகாரிக்கு இந்த வித்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியை எங்கேயிருந்து எடுத்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. சட்டப் பரீட்சையில் சுமாராகத் தேறியிருந்தேன். கவாத்தில் கால் கொஞ்சம் காலை வாரிவிட்டது. நாடகத்தில் நல்ல மார்க்கு வந்தால்தான் பட்டியலில் பேர் வரும் என்று தெரிந்துவிட்டது. வயது வரம்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, இதை விட்டால் கடைசிவரை வாசல்தான். கிளம்பும்போது என் மனைவி, "இந்த வாட்டியாவது ஒக்கார்ற வேலயா வாங்கிக்கினு வா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. பதின்மூன்று வருஷம் வெந்நீர் வைத்தவள்.

அன்றைக்கு என் எதிரில் நடிக்க வேண்டியவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து கான்ஸ்டபிள். பஸ் வழியில் நின்றுபோய் அவர் வந்து சேரவில்லை. என் பேரைக் கூப்பிட்டாகிவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. ஜன்னல் ஓரத்து அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "வாதி எங்கய்யா?" என்று ஒருவர் சத்தம் போட, அதிகாரியின் ஆர்டர்லி வராந்தாவுக்கு ஓடினார். அவரும் என் காலத்துக் கான்ஸ்டபிள்தான். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் குந்தியிருந்தாராம். கறுத்த உடம்பு, முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, கையில் நாலாக மடித்த காகிதம். "இன்னாய்யா இங்க குந்திக்கினு கீற, உள்ள கூப்புடுறாங்க, வா வா" என்று ஆர்டர்லி அவரை உள்ளே தள்ளிவிட்டார்.

அவர் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நின்ற தோரணையிலேயே இவர் பெரிய நடிகர் என்று எனக்குப் பட்டது. எழுந்து நின்று கும்பிட்டேன். "வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் தரையில் உட்காரப் போனார். நான் மேஜையைச் சுற்றிப் போய், கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஜன்னல் பக்கம் பேனா அசைவது கண்ணோரத்தில் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்தார். நடிக்க வருகிறவர்கள் உதட்டில் வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள்.

"சொல்லுங்க, இன்னா ஆச்சு?"

"தம்பிங்க. என் கூடப் பொறந்தவன்" என்று ஆரம்பித்தார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவர்களுடையது. ஏரியில் ஒன்றும் கிடைக்காத மாதம் என்று தம்பி ஒரு மேஸ்திரியோடு கவரைப்பேட்டைக்கு இந்தப் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஷெட்டுக்குப் பள்ளம் தோண்டப் போனார். பன்னிரண்டு நாளாக வீடு திரும்பவில்லை.

"மேஸ்திரியைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் சாமி. வேல புடிக்கல, பூட்டான்றாரு. பூட்டவன் துணிய உட்டுட்டா போவான்? வேட்டி அங்கியே கீது. சோத்துத் தூக்கு கீது. செருப்பு கீது சாமி. செருப்பில்லாம எங்க போவான்?" கையிலிருந்த காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "அன்னிக்கி நல்ல மழ. பள்ளத்துல மண்ணு சரிஞ்சிதுன்னு கூட வேல செஞ்ச பொம்பள ஒருத்தி சொன்னா. அப்பால அவளும் வாயத் தொறக்க மாட்டேன்றா. அந்தப் பள்ளத்தத் தோண்டிப் பாத்தா போதும் சாமி. வேற ஒண்ணும் வாணாம்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கதை எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார், செருப்பை எப்படிக் கொண்டுவந்து வைக்கிறார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். "ஸ்டேஷனுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு வாட்டி போனேன். வாசல்ல நிக்கிற போலீசுகாரரு..." என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

என் வித்தையை என்னிடமே காட்டுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதிகாரியும் முன்னால் குனிந்தார். "பயப்படாமச் சொல்லுங்க. போலீஸ்காரர்னு பாக்காம அப்படியே எழுதிக்கிறேன்" என்றேன்.

"தொரத்திட்டாருங்க. நாளிக்கி வா, நாளிக்கி வான்னாரு. மூஞ்சியக்கூட பாக்கல."

அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். பிறகு முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். அவர் வாய் அசைய அசையக் கேட்டார். கைநாட்டு வைக்கச் சொன்னபோது கட்டைவிரலை அழுத்தி, எடுக்க மனம் வராதவர் போல அங்கேயே வைத்திருந்தார். விரலை எடுத்ததும், "இனிமே தோண்டிப் பாப்பாங்களா சாமி?" என்று கேட்டார். "கண்டிப்பா நடவடிக்கை எடுப்போம். தைரியமா வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டார், ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்களையும் கும்பிட்டார், போய்விட்டார். "பிரமாதமா நடிச்சான். எந்த ஸ்டேஷன்காரன்?" என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் தெரியவில்லை என்றார். அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். என் தாளை மற்றத் தாள்களோடு ஒரு நாடாவில் கட்டினார்கள்.

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. நாடகத்தில் என்னுடையதுதான் முதல் மார்க்கு. எங்கள் ஸ்டேஷன் ரைட்டர் ஓய்வு பெறுகிற நேரமாக இருந்ததால் என்னையே அந்த இடத்தில் போட்டார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. என் மனைவி சட்டைக் கையில் மூன்று பட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கேசரி கிண்டினாள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபோது அரைமணி நேரம் நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். கால்கள் மேஜைக்கு அடியில் இருந்தன.

பரீட்சை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரம், வாசலில் பாரா நின்ற புதுக் கான்ஸ்டபிள் யாரையோ, "அய்யா இல்ல, நாளிக்கி வா" என்று விரட்டுவது காதில் விழுந்தது. வெளியே இருந்த ஆள் போகவில்லை. "உள்ள கீற ஏட்டய்யாவ எனக்குத் தெரியும். அவருதான் எயுதினாரு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அதே வேட்டி, அதே கறுத்த உடம்பு. பரீட்சையில் நடித்த கான்ஸ்டபிள் இங்கே எதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் போல என்று எண்ணி, பெரிதாகச் சிரித்து, "இன்னா அண்ணே, இன்னும் வேஷத்தக் கலைக்கலியா?" என்று கேட்டேன்.

அவருக்கு அது புரியவில்லை. "ஏட்டய்யா, தோண்டிட்டாங்களா?" என்றார்.

அதற்கப்புறமும் எனக்கு உடனே விளங்கிவிடவில்லை. எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். குப்பத்தின் பேரைச் சொன்னார். போலீஸா என்று கேட்டேன். பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய அய்யா இன்றைக்குத் திருவள்ளூரில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், நேரில் மனு கொடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி அங்கே வந்து மரத்தடியில் காத்திருந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எனக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்துக்கொண்டு இதையும் சொன்னார்:

"மொதல்ல மூணு வாட்டி இந்த வாசல்ல நாளிக்கி வான்னு சொன்னவரே நீங்கதான். அங்க பாத்தா நீங்களே கையப் புடிச்சி ஒக்கார வெச்சி, தண்ணி குடுத்து எயுதினீங்க. சாமி மனசு மாறிடுச்சின்னு ஊட்ல சொன்னேன். அதான் தைரியமா இருந்தேன். அஞ்சி வாரமா எங்கியும் போவல."

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். இவர் முகம் எனக்கு ஏன் நினைவில்லை என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பார்த்தது துண்டைத்தானே. ஸ்டேஷன் பெஞ்சில் சைக்கிள் பம்பு கிடந்தது. அவர் நின்றுகொண்டேதான் இதையெல்லாம் சொன்னார்.  "நாளைக்கு வாங்க" என்றேன். இந்த முறை 'ங்க' போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே திருவள்ளூருக்குப் போய் அந்த ஆர்டர்லியைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "அன்னிக்கி மத்தியானமே எனக்குத் தெரியும்பா" என்றார். பள்ளிப்பட்டுக்காரர் தாமதமாக வந்து, தன் இடத்தில் யார் நடித்தார் என்று கேட்டபோதே தெரிந்துவிட்டதாம். "யார்கிட்ட சொல்றது? சொன்னா எனக்கு வேல போவும், உனக்கு மார்க்கு போவும். நீயும் புள்ளகுட்டிக்காரன்."

"அந்தத் தாள் எங்க?"

"கட்டி, அரக்கு வெச்சி, எப்பவோ மேல அனுப்பியாச்சு. அத்தப் போய்க் கேட்டீன்னா ஏன் எதுக்குன்னு வரும். பரீட்சையே செல்லாதுன்னுடுவாங்க. பேஜாரு வாணாம். புச்சா ஒண்ணு எயுது. இன்னிக்கித் தேதி போடு. அந்தாளுக்குக் கேஸு வேணும், உனக்குப் பட்டை வேணும். ரெண்டும் நடக்கும்."

ரயிலில் திரும்பும்போது அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை, அல்லது முடியக்கூடாது என்று இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏட்டய்யாவுக்கு இனிமேல் கால் வலிக்காது என்று அவள் கேலி செய்தாள்.

மறுநாள் குப்பத்துக்காரர் விடிந்ததும் வந்துவிட்டார். பம்பை எடுத்துவிட்டு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவரைக் கேட்காமலே என்னால் எழுத முடிந்தது. மழை, மண் சரிவு, வேட்டி, தூக்கு, செருப்பு எல்லாம் நினைவில் இருந்தன. ஏற்கெனவே ஒரு தடவை நான் எழுதியதுதானே. கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து பேனா நின்றது. சம்பவம் நடந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதமாகப் புகார் கொடுக்கிறார் என்று எழுதியாக வேண்டும். கோர்ட்டில் முதல் கேள்வியே அதுதான். உண்மையை எழுதுவதென்றால் இரண்டு வரிதான். வாதி மூன்று தடவை வந்தார், நான் துரத்தினேன். நாலாவது தடவை வந்தார், நான் அதைப் பரீட்சை என்று நினைத்தேன். பரீட்சையில் இப்படிப்பட்ட வரியை ஒரு எழுத்து விடாமல் எழுதி முதல் மார்க்கு வாங்கியவன் நான்.

ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். பயந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வாசலில் புதுக் கான்ஸ்டபிள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பதைப் பார்த்தேன். பிறகு, எல்லா ஸ்டேஷனிலும் எல்லா ரைட்டரும் எழுதுகிற அந்த வாக்கியத்தை எழுதினேன்: 'வாதி தன் தம்பியைப் பல ஊர்களிலும் உறவினர் வீடுகளிலும் தேடிப் பார்த்துவிட்டு வந்து புகார் கொடுப்பதால் தாமதம்.'

படித்துக் காட்டினேன். வாய் அசையக் கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"நா எங்கியும் தேடிக்கினு போவலியே ஏட்டய்யா. உங்ககிட்டதான வந்துக்கினு இருந்தேன்."

"இப்படி எழுதறதுதான் வழக்கம். கேஸுக்கு நல்லது" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார். நான் அதைப் பிடித்து மையில் ஒற்றினேன். விரலில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன.

மறு வாரம் இன்ஸ்பெக்டரோடு அந்த இடத்துக்குப் போனோம். குப்பத்துக்காரரையும் வரச் சொல்லியிருந்தோம். பள்ளம் இல்லை. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் போட்டு, மேலே ஒரு எந்திரத்தை இறக்கி போல்ட்டு முடுக்கியிருந்தார்கள். போட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். ஒரு மாசத்துக்கு உள்ளேதான், அதுவரை பள்ளம் திறந்துதான் கிடந்தது என்றார் அங்கிருந்த ஆள். நான் திருவள்ளூரில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய அன்றைக்கு அது வெறும் ஈர மண். நாலு ஆள் இருந்தால் ஒரு காலை வேலை.

மேஸ்திரி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அந்தப் பெண்ணையும் காணவில்லை. இன்ஸ்பெக்டர் கான்கிரீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சந்தேகத்தை வைத்துக்கொண்டு இதை உடைக்க முடியாது என்றார். பிறகு அலுப்போடு, "தம்பி காணாமப் போனா ஒண்ணரை மாசம் கழிச்சா வருவான் மனுஷன்? இத்தனை நாள் எங்கய்யா போயிருந்தான்?" என்று என்னிடம் கையை நீட்டினார். கேஸ் கட்டைக் கொடுத்தேன். நான் எழுதியதை அவரே உரக்கப் படித்தார். "பல ஊர்களிலும் உறவினர் வீடுகளிலும் தேடிப் பார்த்துவிட்டு... ம். ஊர் ஊரா தேடற நேரத்துல நேரா ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாம் இல்ல? வந்திருந்தா பள்ளமாவது இருந்திருக்கும்."

குப்பத்துக்காரர் அந்தக் கான்கிரீட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் தம்பியின் செருப்பு இருந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று நான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இன்ஸ்பெக்டர் படித்து முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நான் சொல்லிக் கொடுத்ததை இப்போது ஒப்பிக்க வேண்டுமா என்று கேட்பது போலப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று பட்டையும் என் கையில் இருந்தன. அந்தப் பட்டையோடும் அந்த நாற்காலியோடும்தான் பல வருஷம் கழித்து ஓய்வு பெற்றேன். அந்தக் கேஸ் துப்புக் கிடைக்கவில்லை என்று முடிக்கப்பட்டது. அந்தத் தாளை எழுதியதும் நான்தான்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். நானும் பின்னால் ஏறப் போனேன். குப்பத்துக்காரர் தம்பியின் செருப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"நா பொறப்படட்டா ஏட்டய்யா? இல்ல, நாளிக்கி வரணுமா?"

வர வேண்டாம் என்றேன்.